இரட்டை ஆறு விழுந்தால் ரேட்டிங் என்ன செய்யும்?

ஐயா, வணக்கம். செஸ் ஆடிப் பழகியவன் நான். ஒரு வருடமாக இணையத்தில் பேக்கமன் ஆடுகிறேன், இருவர் இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். என் ரேட்டிங் 1700. போன வாரம் 1500-இல் இருக்கும் ஒருவருடன் 9 பாயின்ட் மேட்ச், அதாவது முதலில் 9 பாயின்ட் எடுப்பவருக்கு வெற்றி. கடைசி நேரத்தில் அவருக்கு இரட்டை ஆறு விழ, தோற்றுவிட்டேன். 8 புள்ளி போனது. ஜெயித்திருந்தால் 4 தான் வந்திருக்குமாம். பகடைக்கு மார்க் போடுவது மாதிரி இருக்கிறதே, இந்த ரேட்டிங்கை நம்பலாமா?
கே.

அன்புள்ள கே.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த 8-உம் 4-உம் சரியான கணக்குதான். 1992-இல் தொடங்கிய ஃபிப்ஸ் என்ற இணைய பேக்கமன் சர்வரின் சூத்திரம் அது. செஸ்ஸுக்கு அர்பாத் ஈலோ வகுத்த முறையிலிருந்து வந்தது. 9-இன் வர்க்கமூலம் 3, அதை நாலால் பெருக்கினால் 12. அந்த மேட்ச்சின் பணயம் அந்த 12 புள்ளி. 200 புள்ளி கூடுதலாக உள்ள உங்களுக்கு வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. இரண்டு முறை ஜெயித்து நாலு நாலாக வாங்கி, ஒரு முறை தோற்று எட்டைக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

செஸ் ஆடியவர்களுக்கு உறைப்பது வேறு இடம். அங்கே 200 புள்ளி கூடுதல் உள்ளவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 76 சதவீதம் எடுப்பார். பேக்கமனில் ஒரு பாயின்ட் மேட்ச் என்றால் அதே 200-க்கு 56 சதவீதம்தான். 76-ஐத் தொட 25 பாயின்ட் மேட்ச் ஆடவேண்டும்! பகடையின் ஆட்டம் அடங்கித் திறமை தெரிய அவ்வளவு நேரமாகிறது. ஒரு மேட்ச்சை வைத்து ரேட்டிங்கைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று, எல்லோருமே 1500-இல்தான் தொடங்குகிறார்கள். புதியவர்களுக்கு ஏற்ற இறக்கம் ஆரம்பத்தில் ஐந்து மடங்கு. ஆடிய மேட்ச்களின் நீளம் கூட்டினால் 400 பாயின்ட் வரும்போதுதான் அது சாதாரண அளவுக்கு வரும். உங்களை வென்றவர் நேற்று சேர்ந்த நல்ல ஆட்டக்காரராகவும் இருக்கலாம்.

சரி, பகடையை ஒதுக்கிவிட்டுத் திறமையை மட்டும் அளக்க முடியாதா? முடியும். அதற்குத்தான் பிஆர் (பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங்) என்ற எண். மேட்ச்சை எக்ஸ்ட்ரீம் கேமன் என்ற பேக்கமன் மென்பொருளில் போட்டால், உங்கள் ஒவ்வொரு முடிவையும் தான் கண்ட சிறந்த முடிவோடு ஒப்பிட்டு, இழந்ததைச் சராசரியாக்கி 500-ஆல் பெருக்கிச் சொல்லும். எண் குறையக் குறைய நல்லது. 5-க்குள் ஆடினாலே பெரிய ஆட்டக்காரர்.

தொடக்கத்தில் 3-1 விழுகிறது என்று வையுங்கள். 8-ஆம் கட்டத்திலிருந்து ஒரு காய், 6-ஆம் கட்டத்திலிருந்து ஒரு காய் இறக்கி 5-ஆம் கட்டத்தைப் பிடிக்கவேண்டும். ஒருவர் அதை விட்டுப் பின்னால் கிடக்கும் காயை நகர்த்துகிறார். அப்புறம் பகடை கைகொடுத்து ஜெயிக்கிறார். ரேட்டிங் ஏறிவிடும். பிஆரில் அந்தத் தவறு அப்படியே நிற்கும். ஒரே மேட்ச்சின் பிஆரையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுலபமான நிலைகளே வந்தால் யாருக்கும் நல்ல எண் வரும். இருபது முப்பது மேட்ச் சேரட்டும்.

இரட்டை ஆறு 36-க்கு ஒரு தடவை விழும், அதை விடுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று முறை பகடை உருட்டியபோது, ஆட்டத்தின் பாயின்ட்டை இரட்டிப்பாக்க (டபுள்) கேட்கும் கியூப் யார் பக்கம் இருந்தது? செஸ்ஸிலிருந்து வருகிறவர்கள் காய் நகர்த்துவதில் கவனமாக இருந்துவிட்டு, டபுள் கேட்கவேண்டிய நேரத்தைக் கோட்டைவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மேட்ச்சைச் சேமித்து வைத்திருந்தால் அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.