பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கிய வாசகர்களின் கேள்விகள்

மூன்று மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மூன்று நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் வேலை செய்வதில்லை. மெக்கானிக் காயிலை (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் கம்பிச்சுருள்) மாற்றச் சொல்கிறார்.

பொறுங்கள், காயிலுக்கு இப்போதே பணம் கொடுக்காதீர்கள். முதலில் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து, மிதமாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜிங் சரி, காயிலில் குற்றமில்லை. 13-ஐத் தாண்டாவிட்டால் காயில், ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது), அவற்றுக்கு நடுவே ஒயர்களை இணைக்கும் கப்ளர் மூன்றையும் பாருங்கள். கப்ளர் உருகிக் கறுத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் போய்விட்டது. அது எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் கொன்றுவிடும்.

சார்ஜிங் சரியாக இருந்தும் மூன்றே நாளில் இறங்குகிறது என்றால், சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே இணையுங்கள். (அப்போது சாவியைப் போடவோ செல்ஃபை அமுக்கவோ வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) சில மில்லிஆம்பியர் என்றால் பரவாயில்லை. 50 மில்லிஆம்பியர் (மீட்டரில் 0.05) காட்டினால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி (பேட்டரியில் உள்ள சார்ஜின் அளவு) போகும், மூன்று நாளில் 3.6. உங்களுடையது 4 ஆம்பியர் மணி பேட்டரியாக இருந்தால் கதை முடிந்தது. பழைய உரிமையாளர் மாட்டிய அலாரம், ஜிபிஎஸ், மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அளவு எதில் சட்டென்று இறங்குகிறதோ அதுதான் திருடன்.

செல்ஃப் அமுக்கினால் 'டக் டக்' மட்டும்தான். பேட்டரி புதியது.

அமுக்கிக்கொண்டே பேட்டரியை அளந்து பாருங்கள். 9-க்குக் கீழே விழுந்தால், புதியதானாலும் அதில் சார்ஜ் இல்லை. 12-க்குப் பக்கத்திலேயே நின்றால் கரண்ட் வழியில் தடைபடுகிறது. இன்ஜினோடு சேரும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பழைய வண்டிகளில் பாதி நேரம் இதோடு தீர்ந்துவிடும். இல்லையென்றால் ரிலே (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் இரண்டையும் பாருங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. தற்காலிகமாகக் கம்பி போட்டு ஓட்டுகிறேன்.

இன்றே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. ஒயர் கட்டு போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில். அது தீப்பிடித்தால் உங்களுக்கு ஓட நேரமிருக்காது. சரியான அளவு ஃபியூஸ் போட்டு, ஹேண்டிலை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது போனால் ஸ்டீரிங் கழுத்தில் ஒயர் உரசியிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது போனால் பின் மட்கார்டுக்கு உள்ளே பாருங்கள். இன்னொன்று: 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது விதி. அதற்குப் பிந்தைய வண்டியில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்ச் இருந்தால், யாரோ ஒயரை வெட்டி ஒட்டிய இடம் அது. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

எல்இடி இண்டிகேட்டர் மாட்டியதும் வேகமாக அடிக்கிறது.

இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகம்தான் ஃப்ளாஷர். வண்டியில் உள்ள பழையது, சாதாரண பல்பின் சுமைக்கு ஏற்றது. எல்இடி ஃப்ளாஷர் மாற்றினால் சரியாகிவிடும்.

ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குகிறது.

பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வராது, நேராகக் காயிலிலிருந்து வரும். அதனால் கொஞ்சம் மங்குவது இயல்பு. வெளிச்சம் போதவில்லை என்று 35 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் போடாதீர்கள், ஹோல்டர் உருகிவிடலாம்.