அடுத்தது என்ன என்று யார் முடிவு செய்வது?

அன்புள்ள ஐயா,

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதில் கையில் கிடைத்ததை எல்லாம் படித்த பிள்ளை, இப்போது புத்தகத்தைத் திறந்த ஐந்தாவது நிமிடம் போனைத் தேடுகிறாள். நடு இரவிலும் போர்வைக்குள் ரீல்ஸ் ஓடுகிறது. கண் கெடுகிறது, தமிழ் கெடுகிறது, கவனம் என்பதே போய்விட்டது. 2020-ல் டிக்டாக்கைத் தடை செய்தபோது, வேலைவெட்டி இல்லாத அந்தக் கும்பல் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தது. அதே மாதிரி ரீல்ஸ், ஷார்ட்ஸ் எல்லாவற்றையும் தடை செய்தால் என்ன? இவளை மறுபடி எப்படிப் படிக்க வைப்பது?

ச., விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள ச.,

போர்வைக்குள் ரீல்ஸ் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. பிள்ளை தூங்காமல் கிடப்பது தெரிந்தால் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்? அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடுவில் ‘வேலைவெட்டி இல்லாத அந்தக் கும்பல்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு மேலே போக என்னால் முடியவில்லை.

அந்தக் கும்பலில் என் அத்தையும் இருந்தார். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். பாவாடை கட்டிய வயதில் நாற்றுப் பறிக்கப் போனவர், அறுபது தாண்டியும் வயலில்தான் நின்றார். நடவுப் பாட்டில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. அவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார், வரிசையில் குனிந்து நடுகிற பெண்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள், முடிவில் எல்லோரும் சேர்ந்து குலவை போடுவார்கள். 2019-ல் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி போனை வரப்பில் தூக்குவாளி மேல் சாய்த்து வைத்து அதைப் படம் பிடித்து டிக்டாக்கில் போட்டாள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் ‘எங்க அம்மா பாடுற மாதிரியே இருக்கு’ என்று எழுதினார்கள். அவள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட, அத்தை கையில் சேறு காயக் காயக் கேட்டுக்கொண்டிருப்பார். அசிங்கமாகத் திட்டியவர்களும் இருந்தார்கள். அவற்றை மட்டும் அவள் வாசிக்காமல் தள்ளிவிடுவாள்.

அந்தச் செயலியின் கவர்ச்சி எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஃபேஸ்புக்குக்கு எழுதத் தெரிய வேண்டும், நாலு பேரைத் தெரிந்திருக்கவும் வேண்டும். டிக்டாக்குக்கு இரண்டும் தேவைப்படவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பாடியதை முன்பின் தெரியாத இன்னொருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. சினிமாவும் தொலைக்காட்சியும் வாசல் வரைகூட விடாத ஆட்கள் அதில் ஆடினார்கள், பாடினார்கள், சமைத்தார்கள். நாள் முழுக்க வயலில் வேலை பார்த்துக்கொண்டே பாடிய பெண்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று ஓர் ஆசிரியை எழுதலாமா? உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் அவர்கள்.

தடை பற்றியும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். கலாச்சாரம் கெடுகிறது என்ற புகாரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் டிக்டாக்குக்குத் தடை சொன்னது உண்மை. அந்த மாதமே அது விலக்கப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று வந்தது வேறு. லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலுக்குப் பிறகு, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 59 சீனச் செயலிகளைச் சேர்த்து நிறுத்தினார்கள். உங்கள் மகளின் கவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே இறக்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் தன் வெள்ளோட்டத்தை இந்தியாவில்தான் தொடங்கியது. கடை கைமாறியது, வியாபாரம் நிற்கவில்லை. அத்தையின் பாட்டுகள்தான் போயின. அந்தப் பெண் எதையும் போனில் சேமித்து வைத்திருக்கவில்லை. “நம்ம பாட்டையெல்லாம் எங்க கொண்டுபோய் வச்சிருப்பாங்க?” என்று அத்தை என்னிடம் கேட்டார்.

சரி, அந்தச் செயலி அவருக்கு நல்லது மட்டும்தான் செய்ததா என்றால், இல்லை. தடைக்கு முன்னாலேயே அவர் பாடும் விதம் மாறிவிட்டது. மூன்றாவது அடியிலிருந்துதான் தொடங்குவார். ஏன் என்று கேட்டேன். “மொதல் ரெண்டு அடிக்கு யாரும் நிக்க மாட்டாங்க மருமவனே, தள்ளிவிட்டுட்டுப் போயிடுவாங்க” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இந்தத் தொழிலின் சூட்சுமத்தை எப்படிப் பிடித்துவிட்டார் பாருங்கள். குலவைக்கும் இடம் இல்லாமல் போனது. அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு, சுருக்கம்தான் குற்றவாளி என்று சொல்லிவிடாதீர்கள். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற இந்துஸ்தானிப் பாடகி இசைத்தட்டுக்குப் பாடியபோதும் மணிக்கணக்கான பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. நம் ஊர் நாடகப் பாட்டும் கீர்த்தனையும் அதே தட்டுக்குள் நறுக்கி அடைக்கப்பட்டவைதான். பாட்டு அதனால் செத்துவிடவில்லை. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் புது உயிர் பெற்றது. ஆனால் தட்டு முடிந்ததும் ஊசி ஓரத்தில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் எழுந்து போய் அதைத் தூக்க வேண்டும். திருப்பிப் போடுவதா, வேறு தட்டா, போதுமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் கேட்ட பாட்டு மனசில் இறங்கும். அங்கே பிடித்தால்தான் இந்த விஷயம் புரியும்.

ரீல்ஸில் அந்த இடைவெளியை எடுத்துவிட்டார்கள். விரல் மேலே தள்ளுகிறது, அடுத்தது வந்து நிற்கிறது, அது எது என்பதில் உங்கள் மகளுக்குச் சொல்லே கிடையாது. நடவுப் பாட்டுக்குப் பிறகு ஒரு சாலை விபத்து, அதற்குப் பிறகு நகைக்கடன் விளம்பரம், அப்புறம் ஒரு குழந்தை சிரிப்பு. எதற்கு மனம் இளகியதோ அதை அடுத்தது வந்து துடைத்துவிடுகிறது. அந்தச் செயலி கணக்கெடுப்பதில் முக்கியமானது, எதில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது. விபத்தைப் பார்த்துப் பதறி உறைந்து நின்றாலும் அதையும் விருப்பக் கணக்கில் சேர்த்து, அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்துவிடும். பத்தில் எட்டு சுமாராக இருக்கும். அந்த ஒன்பதாவது நன்றாக இருந்துவிடலாம் என்பதுதான் விரலை இழுத்துக்கொண்டே போகிறது. புறாக்களுக்கு எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால் அவை விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெரிய பெரிய நிறுவனங்கள் இரவு பகலாக வேலை பார்த்துச் செய்து வைத்த பொறிக்கு முன்னால் பதினாறு வயசுப் பிள்ளையைத் தனியாக நிறுத்திவிட்டு, ‘உனக்குக் கவனம் இல்லை’ என்று அவளையே குற்றம் சொல்கிறோம். இது அநியாயம்.

கண் பற்றிக் கண் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். தமிழ் கெடுகிறது என்பதை நான் ஏற்கவில்லை. நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் நம் பிள்ளைகள் காதில் இவ்வளவு சர்வசாதாரணமாக எப்போது விழுந்தது?

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். யூடியூப் அமைப்புகளில், பார்த்தவற்றைப் பதிந்து வைப்பதை நிறுத்திவிட்டுப் பழைய பதிவையும் அழித்துவிட்டால், முகப்பு அநேகமாகக் காலியாகிவிடும். வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தேடிப் பார்க்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும். இன்ஸ்டாகிராமில் அந்த வசதி கிடையாது. இரவில் போன்கள் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், உங்கள் போனும் சேர்த்து. அவள் போனை மட்டும் பிடுங்கி வைப்பதாக இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம்.

படிக்க வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவள் எந்த மாதிரி வீடியோவில் நிற்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. கோலமா, கிரிக்கெட்டா, பேய்க்கதையா? திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, எனக்கு எழுதுங்கள். அது தெரியாமல் அந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது.