அமெரிக்க ரெசிடென்சிக்கு நம் ஊர் டீன் கடிதம்: யார் எழுதுவது, என்ன எழுதுவது?

கேள்வி: தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்க ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் மேற்பயிற்சிக்கு) விண்ணப்பிக்கிறேன். எம்.எஸ்.பி.இ. என்று ஒரு கடிதம் கேட்கிறார்கள். டீன் ஆபீசில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். அதில் என்ன இருக்க வேண்டும்? என் மதிப்பெண்கள் சுமார்தான், ஒரு பாடத்தில் அரியரும் உண்டு. பாதிக்குமா?

பதில்:

ஆபீசில் சொன்னது உண்மைதான். போனஃபைடு, நன்னடத்தைச் சான்றிதழ், அட்டெம்ப்ட் சர்டிஃபிகேட் எல்லாம் நம் கல்லூரிகளில் கேட்டால் கிடைக்கும். ஆனால் ஒரு மாணவர் ஐந்தரை வருஷம் எப்படிப் படித்தார், வார்டில் எப்படி வேலை பார்த்தார் என்று கல்லூரியே எழுதித் தரும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இல்லை.

அமெரிக்காவில் இதை முன்பு 'டீன் கடிதம்' என்றே சொல்வார்கள். 2002-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதன் பெயரை எம்.எஸ்.பி.இ., அதாவது 'மருத்துவ மாணவர் செயல்திறன் மதிப்பீடு' என்று மாற்றியது. இது சிபாரிசுக் கடிதம் இல்லை, மதிப்பீடு என்று காட்டுவதற்காகத்தான் அந்த மாற்றம். வடிவமும் வகுத்திருக்கிறார்கள்: மாணவரைப் பற்றிக் குறிப்பிடத்தக்க விஷயங்கள் அதிகபட்சம் மூன்று, பிறகு கல்வி வரலாறு, பாடவாரியாகத் தேர்ச்சி, கடைசியில் சுருக்கம். மொத்தம் ஏழு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. அங்கத்திய மாணவருக்கு மெடிசின், சர்ஜரி, மகப்பேறு என்று ஒவ்வொரு போஸ்டிங்கிலும் மேற்பார்த்த மருத்துவர்கள் எழுதிய கருத்துகள் அதில் வந்துவிடும். வகுப்பில் மற்றவர்கள் எப்படி மதிப்பெண் எடுத்தார்கள் என்ற வரைபடமும் கூடவே இருக்கும். 2022 ஜனவரியிலிருந்து, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டிய ஓர் எண் போனதால், மீதி இருக்கும் காகிதங்களை முன்பைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

என் ரெசிடென்சி காலத்தில் நேர்காணல் குழுவில் உட்கார்ந்து நிறைய கோப்புகளைப் படித்திருக்கிறேன். நம் ஊரிலிருந்து வந்த எம்.எஸ்.பி.இ.க்களில் பாதிக்கு மேல் ஒரே கடிதத்தின் நகல்கள். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் பிரியமானவர். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை இறக்கி, பெயரை மட்டும் மாற்றி, லெட்டர்ஹெட்டில் அடித்து, சீல் போட்டு அனுப்பியது அப்படியே தெரியும். இப்படிப்பட்ட கடிதத்தால் ஒருவரை நிராகரித்துவிட மாட்டார்கள். ஆனால் நள்ளிரவு அட்மிஷன் எல்லாம் பார்த்து, கூட்டம் வழியும் வார்டில் ஒரு வருஷம் ஓடிய ஒரு நல்ல டாக்டர் அந்தக் காகிதத்தில் காணாமல் போய்விடுகிறார். எனக்கு அதுதான் வருத்தம்.

படிப்பவருக்கு நம் ஊரைத் தெரியாது என்ற இடத்திலிருந்து கடிதம் தொடங்க வேண்டும். உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் (பாடவாரி மதிப்பெண் பட்டியலில்) 64 சதவீதம் என்று இருந்தால், அங்கே வளர்ந்தவர் கண்ணுக்கு அது தோற்கப்போன மாணவரின் மதிப்பெண். நம் பல்கலைக்கழகத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி, 75 எடுத்தால் டிஸ்டிங்ஷன், பல பாடங்களில் டிஸ்டிங்ஷன் வாங்குபவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பதை எம்.எஸ்.பி.இ.தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டிரான்ஸ்கிரிப்ட் சொல்லாது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர், அந்தப் பாடத்தில் நீங்கள் சுமாராக எந்த இடம் என்பதைக் கல்லூரியின் மதிப்பெண் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பதிவேடு டீன் ஆபீசில் இருக்கும். பொறுமையாகக் கேட்டால் எடுத்துத் தருகிற கிளார்க்குகளும் இருக்கிறார்கள்.

அடுத்தது சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது கட்டாய ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்குப் புரியவே இல்லை. அங்கே படிப்பு முடிந்த கையோடு ரெசிடென்சிக்குப் போகிறார்கள். நம்மைப் போல ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்ப்பதில்லை. எந்த யூனிட்டில் எத்தனை வாரம், அட்மிஷன் நாளில் உங்கள் பொறுப்பு என்ன, எதைத் தனியாகச் செய்தீர்கள், எதில் உதவினீர்கள் என்பதெல்லாம் லாக்புக்கில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் யூனிட் சீஃபிடம் ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் இரண்டு மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள். "சார், டெங்கு சீசன்ல நான் உங்க யூனிட்ல இருந்தேன்" என்று நினைவூட்டினால் பெரும்பாலானவர்கள் எழுதித் தருவார்கள். அப்படி வந்த இரண்டு வரி, ஒரு பக்கம் நிறைய அடைமொழிகளைவிட அதிகம் பேசும்.

'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று டீன் சொல்லக்கூடும். இது நம் ஊரில் சகஜம். அப்படியானால் தகவல்களை மட்டும் தொகுத்து வரைவாகக் கொடுங்கள். உங்களை எடைபோடும் வாக்கியங்கள் டீனுடையதாகவோ துறைத் தலைவருடையதாகவோ இருக்கட்டும். அவர் படித்து, திருத்தி, ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து. லெட்டர்ஹெட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரூமில் உட்கார்ந்து அடிப்பது, மதிப்பெண்ணை உயர்த்திப் போடுவது, இவற்றைத் தயவுசெய்து நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு டீன் ஆபீஸ் ஸ்தானத்தில் இருப்பது, அவர்கள் தகுதியைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி. பட்டச் சான்றிதழையும் டிரான்ஸ்கிரிப்டையும் அவர்கள் கல்லூரியிடமே நேரடியாகச் சரிபார்ப்பார்கள். மோசடி என்று முடிவு செய்தால் அது உங்கள் பதிவில் ஏறிவிடும், ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழே கிடைக்காமலும் போகலாம்.

அரியர் விஷயத்துக்கு வருகிறேன். மறைக்க முடியாது, டிரான்ஸ்கிரிப்டிலேயே தெரியும். கல்வி வரலாற்றுப் பகுதியில் இடைவெளி, மறுதேர்வு, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்ற கேள்விகளே இருக்கின்றன. எந்தப் பாடம், எப்போது மீண்டும் எழுதினீர்கள், என்ன முடிவு என்று இரண்டு வாக்கியம் போதும். சமாதானம் வேண்டாம், சோகக் கதையும் வேண்டாம். முதல் வருஷத்தில் ஒரு பாடம் போய், அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்தவர்களை நாங்கள் தயங்காமல் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறோம். டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும் அரியர் எம்.எஸ்.பி.இ.யில் காணாமல் போயிருந்தால்தான் சந்தேகம் வரும்.

டிரான்ஸ்கிரிப்டில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம், ஆனால் ஈ.சி.எஃப்.எம்.ஜி. ஆவணம் கேட்கும். இதை முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். இன்னொன்று தேதி. இறுதித் தேர்வு முடிந்த மாதம், சி.ஆர்.ஆர்.ஐ. முடிந்த நாள், பட்டமளிப்பு நாள் என்று மூன்று இருக்கும். விண்ணப்பத்திலும் கடிதத்திலும் டிரான்ஸ்கிரிப்டிலும் இவை ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது.

விண்ணப்பங்கள் செப்டம்பரில் போகும், அந்த மாதக் கடைசியில் மருத்துவமனைகள் கோப்புகளைத் திறக்கும். அதனால் மே, ஜூனிலேயே கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக வேலையையும் கல்லூரி வேலையையும் சேர்த்தே தொடங்கிவிடுங்கள். டீன் மாற்றலாகிப் போய்ப் பொறுப்பு டீன் வந்துவிட்டால், விஷயம் தெரியாமல் கையெழுத்துப் போட அவர் தயங்குவார், அதிலேயே வாரங்கள் போய்விடும். கடைசியில் உங்கள் கடிதத்தின் வடிவத்தை, பெயரும் மதிப்பெண்ணும் நீக்கிவிட்டு, டீன் ஆபீசில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து வரும் ஜூனியரிடம் 'கேள்விப்பட்டதே இல்லை' என்று சொல்ல மாட்டார்கள்.