வெள்ளம் விரட்டியவர்களின் உடல்நலம்: கேளுங்கள், சொல்கிறேன்

2022இல் பாகிஸ்தான் வெள்ளம் சுமார் 80 லட்சம் பேரை வீட்டைவிட்டுத் துரத்தியது. முகாம் சுகாதாரம் என் துறை, அதைப் பற்றிக் கேளுங்கள்.

பிரியா: மழை நின்றபிறகு மலேரியா ஏன் ஏறியது டாக்டர்?

தண்ணீர் வடிந்தால்தானே? சிந்து மாகாணம் தட்டை நிலம், பல ஊர்களில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. வீடு போனவர்கள் கரைமேட்டிலும் சாலையோரத்திலும் ஆடுமாடுகளோடு கொசுவலை இல்லாமல் வெட்டவெளியில் படுத்தார்கள், காய்ச்சல் வந்தால் ஓடிப் பார்க்க வேண்டிய சுகாதார நிலையங்களே பல இடங்களில் மூழ்கியிருந்தன. உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் பாகிஸ்தான் முழுவதும் 2021இல் சுமார் 5 லட்சம் மலேரியா, 2022இல் 26 லட்சம். கூடாரத்தோடு கொசுவலையும் முதல் வாரமே போக வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான்.

முருகன்: அங்கே எப்போதும் மழைதானே, இதில் காலநிலை எங்கே வந்தது?

2022 ஆகஸ்டில் சிந்துவில் வழக்கத்தைவிட ஏழு மடங்குக்கு மேல் பெய்தது. மீதியை வானிலைக்காரர்களிடம் கேளுங்கள்.

கார்த்திக்: வெள்ள நிவாரணத்துக்குப் பால் பவுடர் திரட்டுகிறோம். எங்கே அனுப்பலாம்?

எங்கேயும் வேண்டாம். கலக்கச் சுத்தமான தண்ணீர் இல்லை, பால் புட்டியைக் கொதிக்கவைக்க விறகு இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். புட்டிக்குப் பழகிவிட்டால் தாய்க்குச் சுரப்பதும் குறையும்.

நசீர்: அதிர்ச்சியில் தாய்க்குப் பால் வற்றிவிட்டால் பிள்ளை சாகட்டுமா?

வற்றாது. இறங்கத் தாமதமாகும், அவ்வளவுதான். மறைவாக உட்கார ஓர் இடமும், கூட ஒரு பெண்ணும் இருந்தால் அடிக்கடி வாய் வைக்க வைக்கச் சரியாகும். தாயில்லாப் பிள்ளைக்குப் பவுடர் வேண்டும்தான், மறுக்கவில்லை. அதைச் சுகாதாரப் பணியாளர் ஆள் பார்த்து, தண்ணீருக்கும் அடுப்புக்கும் வழிசெய்து கொடுக்கட்டும். லாரியிலிருந்து வீசாதீர்கள்.

கார்த்திக்: சத்தில்லாத தாய்க்கு எப்படி டாக்டர் ஊறும்?

ஊறும். கடும் பட்டினியில்தான் குறையும், அப்போதும் சோறு போட வேண்டியது தாய்க்கு.

ராணி: டின்னுக்குப் பதில் பாக்கெட் பவுடர் என்றால்?

மேலே கார்த்திக்கிடம் சொன்னதைப் படியுங்கள் அம்மா.

செல்வி: முகாமில் பேதி கண்டால் முதலில் என்ன?

ஓஆர்எஸ், அதாவது உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்காதீர்கள், உப்பு ஏறிவிடும். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும், தாய்ப்பாலும். பால் பவுடர் வேண்டாம்!

அன்வர்: வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அனுப்பலாமா?

வேண்டாம். அட்டை பாதி கிழிந்து பெயரே தெரியாத மாத்திரையை யாருக்கும் கொடுக்க முடியாது. கொசுவலை வாங்குங்கள்.