60,000 ரூபாய்க்குள் கேமிங் பிசி அசெம்பிள் செய்ய என்னென்ன பாகங்கள் வாங்கலாம்? வீடு குளச்சல் கடற்கரைப் பக்கம்.

மானிட்டரும் யுபிஎஸ்ஸும் நீங்கலாக 60,000, ஆட வேண்டியது வேலோரண்ட், ஜிடிஏ 5 என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பணத்துக்கு 1080பி-யில் (ஃபுல் எச்டி) நன்றாக ஆடும் மெஷின் வரும். ஆனால் பட்டியலை கிராபிக்ஸ் கார்டிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள், பிசிக்குக் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்.

கேபினட்டோடு (வெளிப்பெட்டி) சேர்த்துத் தரும் எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால், 12-ஆல் பெருக்கினால் 192 வாட்தான். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அநேகமாக முழுதாக இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. கேம் சூடுபிடிக்கும்போது பிசி தானாக அணைவதற்கு இது முக்கியமான காரணம். 80 பிளஸ் பிரான்ஸ் சான்று (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) உள்ள 550 வாட், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல், இதற்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள்.

அதை வாங்குமுன் வீட்டு எர்த்தைப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசியவிடும் மின்சாரம், இறங்க வழியில்லாமல் தகட்டிலேயே நிற்கிறது. எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் காட்ட வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பைக் பஸ்டர் பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

இனி மற்றவை. புராசசர் ரைசன் 5 5600: 6 கோர், 65 வாட், பெட்டியிலேயே வரும் கூலர் போதும். 5600ஜி என்று இன்னொன்று காட்டுவார்கள். அதில் உள் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் கேஷ் (புராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) பாதிதான். தனி கார்டு போடுபவருக்கு அது தேவையில்லை. மதர்போர்டு பி550 எடுங்கள். பி450 பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600-க்கு டிஸ்ப்ளேயே வராது. கடைக்காரரிடம் அப்டேட் செய்து வாங்குங்கள்.

பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கலாம். ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிடைத்தால் அதுவே சரி, 132 வாட்தான் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050 வாங்குவதாக இருந்தால் 8 ஜிபி-யா 6 ஜிபி-யா என்று பெட்டியில் பாருங்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் 6 ஜிபி-யில் மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு. ‘ஐ7 கேமிங் பிசி’ என்று குறைந்த விலையில் வரும் செட்டுகளில் பல, 2012-ல் வந்த ஐ7 3770-உம் ஜிடி 730-உம் சேர்த்தவை. விண்டோஸ் 11 அந்த புராசசரை ஏற்காது; விண்டோஸ் 11-ல் வேலோரண்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ராம் 2025 கடைசியிலிருந்து விலை ஏறிக்கிடக்கிறது. இருந்தாலும் 16 ஜிபி ஒற்றைக் குச்சி வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். நாலு ஸ்லாட் போர்டில் புராசசரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில் போட வேண்டும். சேமிப்புக்கு என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி 500 ஜிபி போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் உப்புக்காற்றுதான் பெரிய பாடு. உப்பு ஈரத்தை இழுத்து மெட்டல் முனைகளில் படிந்தால் அரிப்பு தொடங்கும். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் பிசியைப் பல நாள் அணைத்தே வைக்காதீர்கள். தினமும் அரைமணி நேரமாவது ஓடினால் உள்சூட்டில் ஈரம் தங்காது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அருகிலும் தரையிலும் வைக்கக் கூடாது. கேபினட் முன்பக்கம் மெஷ், உள்ளே காற்று இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளியேற்ற ஒன்று, முன்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர். கண்ணாடி அடைத்த முகப்பு அழகுக்கு மட்டும்தான். ஒருநாள் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் கடைக்குத் தூக்குமுன் கரண்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளை நல்ல ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டிப் பாருங்கள்.

600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். இந்த மெஷினும் மானிட்டரும் சேர்ந்து ஆடும்போது 300-ஐ நெருங்கும், அதனால் 1000 விஏ பாருங்கள். இடி முழங்கினால் யுபிஎஸ்ஸை நம்பி இருக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் சேர்த்து. மின்னல் அதன் வழியாகவும் வரும்.

முதல் தடவை ஆன் செய்ததும் மூன்று வேலை: மானிட்டர் கேபிள் போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் மாட்டியிருக்கிறதா பாருங்கள், 5600-ல் போர்டுப் பக்கம் படமே வராது. பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ நிற்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் நீங்களே மாற்ற வேண்டியிருக்கும், பல நேரம் அது 60-லேயே கிடக்கும்.