எந்தப் பிரதியைக் கேட்டீர்கள்? ராக் ஆல்பம் விமர்சனம்: கேள்வி பதில்

ஒரு ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டபின் எழுதலாம்? ஒரே தடவை கேட்டு எழுதுவது தப்பா?

நாலு தடவை போதும். ஆனால் நாலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. முதல் தடவை பேனாவைத் தொடாமல், எந்தப் பாட்டையும் தாண்டாமல் கேளுங்கள். இரண்டாவது தடவை காது நிமிர்ந்த இடத்தையெல்லாம் நிமிடம், நொடியோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை பேஸ் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். இதைத்தான் அநேகம் பேர் செய்வதில்லை. ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ (1977) ஆல்பத்தில் ‘த செயின்’ பாட்டு மூன்று நிமிட வாக்கில் அப்படியே அடங்கி, பேஸ் மட்டும் தனியாக நடந்து வரும். பாட்டின் பாதை திரும்புவது அங்கேதான். குரலையே பிடித்துக்கொண்டு கேட்டவர் அதை ‘இடைவெளி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நாலாவது தடவை இரண்டு நாள் விட்டு, ஸ்பீக்கரில் கேளுங்கள்.

ஒரே தடவை கேட்டு எழுதினால், முதல் கேட்பிலேயே ஒட்டிக்கொள்ளும் பாட்டுக்கெல்லாம் பாராட்டு விழும். மெதுவாகப் பிடிபடும் பாட்டெல்லாம் ‘சுமார்’ ஆகிவிடும்.

‘கிதார் சோலோ மெய்சிலிர்க்க வைக்கிறது’ என்று எழுதினேன். நண்பர் சிரிக்கிறார். என்ன குறை சார்?

அந்த வாக்கியத்தை எந்தப் பாட்டுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதுதான் குறை. பிங்க் ஃப்ளாய்டின் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (‘த வால்’, 1979). அதில் இரண்டு சோலோ, அதாவது கிதாரின் தனி வாசிப்பு. முதலாவது பல்லவியின் மேஜர் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள், கேட்க வெளிச்சமாக இருப்பவை) மேல் வருகிறது. குட்டையானது, பாடக்கூடிய மெட்டு. இரண்டாவது சோலோ, சரணத்தின் மைனர் கார்டுகளுக்கு (இருண்டு ஒலிப்பவை) போய்விடுகிறது. நீளமானது, முடிவு என்று ஒன்று இல்லாமல் ஒலி தேய்ந்து மறைகிறது. ‘முதல் சோலோ ஆறுதல் சொல்கிறது, இரண்டாவது அந்த ஆறுதலைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். நண்பர் மறுக்கலாம், ஆனால் சிரிக்க மாட்டார். மெய்சிலிர்ப்பை வாசிப்பவரே உணர்ந்துகொள்ளட்டும்.

பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ பற்றி உலகமே எழுதிவிட்டது. இனி எழுத என்ன இருக்கிறது?

‘மனி’ பாட்டை எண்ணிக்கொண்டே கேளுங்கள். கல்லாப்பெட்டி, காசு, காகிதம் கிழிபடும் சத்தம் எல்லாம் டேப்பில் வெட்டி ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்ட வளையம்தான் அதன் தொடக்கம். ஏழு எண்ணிக்கையில் சுற்றுகிறது. ஏழு என்றதும் ‘மிஸ்ர சாபு’ என்று எழுதிவிடாதீர்கள். சாபுவில் இருக்கும் மூன்றும் நாலுமான அந்த விந்தல் இங்கே இல்லை, ஏழும் சம அடிகளாக நடக்கின்றன. சாக்ஸஃபோன் சோலோவும் ஏழிலேயே போகிறது. கிதார் சோலோ தொடங்கியதும் பாட்டு நாலுக்கு மாறுகிறது. அதுவரை சற்று தடுக்கித் தடுக்கி நடந்தவன் ஓடத் தொடங்குவது போல இருப்பது அதனால்தான். சோலோவின் நடுப்பகுதியில் எதிரொலியை முழுக்க எடுத்துவிட்டு, கூட வாசிப்பவர்களையும் குறைத்திருக்கிறார்கள். கிதார் உங்கள் அறைக்குள் வந்து நிற்கும். பிறகு எதிரொலி திரும்பும்போது மண்டபம் பெரிதானது போல இருக்கும். ஒலியின் அளவைக் கூட்டாமலே பெரிதாக்கிக் காட்டுகிற வித்தை. இதை விளக்கி ஒரு பத்தி எழுதினாலே போதும்.

இன்னொன்று. ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’யில் சொல்லே இல்லாமல் பாடுபவர் கிளேர் டோரி. 1973இல் அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. வழக்குக்குப் பிறகு 2005இல்தான் இணை ஆக்கியவர் என்ற உரிமை வந்தது. பழைய உறையைப் பார்த்து, ஆக்கியவர் என்று பிங்க் ஃப்ளாய்டின் கீபோர்டு வாசிப்பாளர் ரிக் ரைட் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

ரீமாஸ்டர், மோனோ, ஸ்டீரியோ என்று குழப்பமாக இருக்கிறது. எதைக் கேட்டு எழுதுவது?

மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒரே தடத்தில், ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு தடத்தில், ரீமாஸ்டர் என்றால் பழைய பதிவின் ஒலியைத் திரும்பச் சீர்செய்து வெளியிட்ட பிரதி. கையில் இருப்பதைக் கேளுங்கள். ஆனால் அது எது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இது சம்பிரதாயம் இல்லை. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ (1967) மோனோ பிரதியில் ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ வேகமாக ஓடும், சுருதியும் அரைப்படி மேலே. 1967 ஸ்டீரியோவில் அதே பாட்டு இழுவையாக இருக்கும். ஒருவர் ‘சோகம் சொட்டுகிறது’ என்பார், இன்னொருவர் ‘அழுது வடியவில்லை’ என்பார். இரண்டும் சரி, கேட்ட பிரதிதான் வேறு.

ரீமாஸ்டரில் கவனிக்க வேண்டியது சத்த அளவு. மெல்லிய இடங்களைத் தூக்கி, டிரம்ஸ் அடியின் உச்சியை நசுக்கினால் மொத்தமும் உரக்கக் கேட்கும், ஆனால் அடி விழுந்த அழுத்தம் போய்விடும். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதை ‘தெளிவு’ என்று நம்பிவிடும். அதனால் இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, அலை வடிவத்தைப் பார்த்தாலும் தெரியும். மலையும் பள்ளமுமாக இருந்தால் நல்லது, செங்கல் அடுக்கியது போல இருந்தால் நசுக்கியிருக்கிறார்கள்.

இசைத்தட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் மங்கலாகக் கேட்கிறது. ஊசி போய்விட்டதா?

ஊசியையும் பாருங்கள், ஆனால் பாதி காரணம் கணக்கில் இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, எங்கேயும் அதே வேகம். வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்ளே வரும்போது சுமார் 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். சிம்பலும் ‘ச’ ஒலியும்தான் முதலில் கரகரக்கும். பக்கத்தின் கடைசியில் அமைதியான பாட்டை வைப்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். ஆக, ‘கடைசிப் பாட்டின் ஒலிப்பதிவு மோசம்’ என்று இசைத்தட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது அண்ணா. நான் எழுதலாமா?

தாராளமாக. வாத்தியத்தின் பெயரை ஊகிக்காமல் இருந்தால் சரி. த ஹூவின் ‘பாபா ஓ’ரைலி’ (1971) தொடக்கத்தை சிந்தசைசர் என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது லோரி ஆர்கன், அதிலுள்ள ‘மரிம்பா ரிப்பீட்’ (பிடித்த சுரத்தைத் தானே திரும்பத் திரும்ப ஒலிக்கும்) வசதி. டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’டில் (1972) இரண்டாவது கிதார் என்று நினைப்பது பெரும்பாலும் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன்தான், மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கரடுமுரடாக வருகிறது. பெயர் தெரியாவிட்டால், ‘பாபா ஓ’ரைலி’யை ‘குமிழி குமிழியாகத் திரும்பத் திரும்ப வரும் கீபோர்டு’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

லெட் செப்பலினின் நாலாவது ஆல்பத்தில் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ மிகைப்படுத்தப்பட்டதுதானே?

இல்லை. எட்டு நிமிடப் பாட்டில் டிரம்ஸ் நாலு நிமிடம் தாண்டித்தான் உள்ளே வருகிறது. அவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கத் துணிச்சல் வேண்டும். ஆனால் என் ஓட்டு அதே ஆல்பத்தின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்கு. ஹெட்லி கிரேஞ்ச் வீட்டில் படிக்கட்டுக் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து, மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். மைக் தூரத்தில் இருப்பதால் தோலின் சத்தத்தோடு கூடத்தின் முழக்கமும் சேர்ந்தே விழுகிறது. போதாததற்கு டேப்பின் வேகத்தையும் குறைத்திருக்கிறார்கள், அதனால் இன்னும் கனம். மூலப் பாட்டு 1929இல் கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்தது, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. இதைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் புகழ்வது அரை வேலை. அதே ஆல்பத்தின் ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’? சாமர்த்தியம் இருக்கிறது, பாட்டு இல்லை.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டுமா?

போடலாம். எழுதி முடித்தபின் போடுங்கள். முதலிலேயே நாலு என்று முடிவு கட்டினால், நாலுக்கு ஏற்ற காரணங்களைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ சேறு மாதிரி கேட்கிறது. மேதைகள் ஆல்பம் என்கிறார்கள். எழுதப் பயமாக இருக்கிறது.

குரல் வாத்தியங்களுக்குள் அமுங்கித்தான் இருக்கிறது, அது உங்கள் காதின் கோளாறு இல்லை. பெரும்பகுதி 1971இல் தெற்கு பிரான்ஸில் ஒரு மாளிகையின் நிலவறையில் பதிவானது. குரல் அமுங்கியிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். அது ஒரு குறிப்பிட்ட பாட்டுக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா என்பதை அடுத்துச் சொல்லுங்கள். ‘டம்ப்ளிங் டைஸ்’ பாட்டில் உதவுகிறது என்பேன். 18 பாட்டுக்கும் உதவுகிறதா என்றால், இல்லை.

பஸ்ஸில் போகும்போது இயர்ஃபோனில் கேட்டால் போதாதா?

இரண்டாவது தடவைக்குப் போதும். பேஸைப் பின்தொடரும் தடவைக்குப் போதாது, பஸ் இன்ஜின் அதே தாழ்ந்த ஸ்தாயியில்தான் உறுமும். பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ (1965) ஸ்டீரியோ என்றால் இன்னும் உஷார். பல பாட்டுகளில் வாத்தியம் இடது பக்கம், குரல் வலது பக்கம். இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டால், பாடகரே வராத ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதிவிடுவீர்கள்.