கடலடிக் கேபிளைக் காட்டி விற்கும் சுனாமிக் கருவியை வாங்கலாமா?

கேள்வி: சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளோடு இணைந்த கருவி என்று ஒருவர் எங்கள் ஊரில் வீட்டுக்கு 4,500 ரூபாய் வசூலிக்கிறார். நிலநடுக்கத்துக்கு ஒரு நாள் முன்பே ஒலிக்குமாம். 2004-இல் அக்காவைப் பறிகொடுத்தவன் நான். வாங்கலாமா? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால், ஊர்ப் பஞ்சாயத்தார் இருவரை அழைத்துக்கொண்டு போய் இன்றே திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நிலநடுக்கத்தை ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் கருவி ஜப்பானிலும் இல்லை.

அவர் பேச்சில் இழையளவு உண்மை கலந்திருப்பதுதான் ஆபத்து. கேபிளுக்குள் தலைமுடி போன்ற கண்ணாடி இழையில் ஒளி ஓடுகிறது. கயிற்றை மேலும் கீழும் உதறலாம், பக்கவாட்டிலும் உதறலாம் அல்லவா? ஒளிக்கும் அப்படி ஓர் அதிரும் திசை உண்டு. கடல்தரை குலுங்கினால் அந்தத் திசை சற்றே திரும்பிவிடும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிலிக்குச் செல்லும் கூகுளின் கியூரி கேபிளில் இதைக் கவனித்தே, 2020 ஜனவரியில் ஜமைக்கா அருகே நேர்ந்த 7.7 அளவு நிலநடுக்கத்தைக் கண்டார்கள். கண்டது குலுங்கிய பிறகு. அதையும் கேபிள் கரையேறும் நிலையத்தில்தான் படிக்க முடியும். வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியில் அல்ல.

கேபிளில் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஒளியை வலுப்படுத்தும் பெட்டிகள் உண்டு. அங்கே அழுத்தம், வெப்பநிலை, அதிர்வு அளக்கும் உணரிகளை வைப்பதற்காக ஐ.நா. அமைப்புகள் மூன்று 2012-லேயே கூட்டுக் குழு அமைத்தன. 1755-இல் லிஸ்பனை அழித்த நிலநடுக்கத்தையும் சுனாமியையும் மறக்காத போர்ச்சுகல், லிஸ்பன்–அசோரஸ்–மதீரா கேபிளில் அதைச் சேர்க்க முடிவெடுத்துவிட்டது. 2004 சுனாமி பிறந்த சுமத்ரா கடலடிப் பிளவை எதிரில் வைத்திருக்கும் நாம் இன்னும் என்ன யோசிக்கிறோம்? தொலைத்தொடர்புக்கு ஒரு கோப்பு, கடலியலுக்கு ஒரு கோப்பு, பாதுகாப்புக்கு ஒரு கோப்பு. ஒரு முறை பதித்த கேபிள் 25 ஆண்டுகள் கடலடியில் கிடக்கும். பிறகு உணரி செருக முடியாது. இது எனக்கு ஆறாத கோபம்.

உங்களுக்கு வேண்டிய எச்சரிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. 2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் நிலநடுக்கமானிகளையும் கடல்தரை அழுத்தமானிகளையும் கொண்டு அதைத் தருகிறது. 2004-இல் அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது; சொல்லத்தான் யாரும் இல்லை. அந்த அழுத்தமானிகளின் செய்தியை மேலே அனுப்புபவை கடலில் மிதக்கும் மிதவைகளே. அவற்றில் படகைக் கட்டாதீர்கள், பாகங்களைக் கழற்றாதீர்கள்.

அந்தமானில் உறவினர் இருந்தால் கணக்கே வேறு. அங்கே அலை சில நிமிடங்களிலேயே வந்துவிடலாம். சைரன் பிந்தலாம், செல்போன் கோபுரம் சாயலாம். நிற்க முடியாதபடி தரை ஆடினாலோ, ஆட்டம் லேசாக இருந்தும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, யார் அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடச் சொல்லுங்கள். முதல் அலை வடிந்ததும் படகைப் பார்க்க இறங்க வேண்டாம். அடுத்த அலை அதைவிடப் பெரிதாக வரலாம்.